பின்யன்னலில் மஞ்சள் துணி

“மஞ்சள் கொடி எண்டா என்னெண்டு தெரியுமே உமக்கு?”

“நோய் இருக்கு, கிட்ட வராதேங்கோ எண்டுறது.”

“பாத்தீரே, தையல் டீச்சருக்கும் பிழை. ஊர் முழுக்க அப்பிடித்தான் நினைக்குது. கப்பல்காரன் மஞ்சள் கொடி ஏத்துறது, ‘நான் சுகமா இருக்கிறன், உள்ள வர விடுங்கோ’ எண்டு கேக்கிறதுக்கு. சுகாதார அதிகாரி போய்ப் பாத்து ஓம் எண்டு சொல்லுமட்டும் அது பறக்கும். அதுவரைக்கும் ஒருத்தரும் இறங்க ஏலாது.”

“அதிகாரி போகாட்டி?”

“போகாட்டி அங்கேயே நிக்க வேண்டியதுதான். கேட்டுக்கொண்டே நிப்பான், பாவம்.”

சில வருடங்களுக்கு முன் எங்கள் தேவாலயப் பங்குத் திருவிழாவுக்கு நான் கொடிகள் தைத்துக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு இது. பாதி மஞ்சள், பாதி வெள்ளை. என் கணவர் கிறிஸ்தோபர் பக்கத்தில் இருந்து மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டே சொன்னார். சாறு முழங்கை வரை வழிந்தது. பிறகு, துணி நல்ல துணியா என்று பார்ப்பதற்காக அதே கையால் தொட்டார்.

மஞ்சள் துணியில் கறை பட்டால் போக்குவது கடினம். வெள்ளையை வெளுக்கலாம். மஞ்சளை வெளுத்தால் நிறமும் சேர்ந்து போய்விடும். அந்தத் துண்டை வெட்டி எடுத்து அலுமாரியில் வைத்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மேனுஜா பிள்ளை, இந்தப் பொலிஸ் நிலையத்தில் நீங்கள் தாளும் பேனையும் தந்து, அவசரமில்லை, ஞாபகம் வருகிறபடி எழுதுங்கோ அம்மா என்றீர்கள். வெருகல் பக்கத்துப் பிள்ளை என்று உங்கள் பேச்சிலேயே தெரிகிறது. நல்ல பிள்ளை. அதனால் நான் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. முப்பத்தொரு வருடத்தில் என் மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. குடி இல்லை. துறைமுகத்தில் பைலட் படகில் சுக்கானியாக இருந்தார். வெளியில் நிற்கும் கப்பலுக்கு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு போய் விடுகிற வேலை. சம்பளம் வாங்கியதும் நேரே வீட்டுக்கு வருவார். மகள் சுலக்ஷனா பிறந்தபோது தேவாலயத்தில் எல்லாருக்கும் முன்னால் அழுதார். அயலில் உள்ள பெண்கள், கிறிஸ்தோபரைப் போல ஒருவர் கிடைக்க வேண்டுமே என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அதெல்லாம் உண்மை.

எனக்கு அவருடைய உடம்பு பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

கலியாணம் முடிந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. விரல்களில் டீசல் மணம். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகாது. மீன் குழம்பை விரலிடுக்கில் வழியவிட்டு உறிஞ்சிச் சாப்பிடுவார். காலையில் கிணற்றடியில் நின்று தொண்டையைக் காறுவார். அந்தச் சத்தம் அடிவயிற்றிலிருந்து வந்து என் கோப்பியில் விழுவதுபோல இருக்கும். ஐம்பது வயதில் கட்டுப்பல் வைத்தார். இரவில் அது என் தலைமாட்டில் ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டிருக்கும். வேலையால் வந்ததும் பின்னால் வந்து நின்று என் பிடரியில் முத்தமிடுவார். மீசை ஈரமாக இருக்கும். நான் சிரிப்பேன். பிறகு குசினிக்குப் போய் பிடரியைத் துடைத்து, துடைத்த துணியைத் தனியே வைத்துத் தோய்ப்பேன். முப்பத்தொரு வருடமும் அதைச் செய்தேன்.

அவரிடம் கேட்க வேண்டியது ஒரு சின்ன வசனம். என்னைத் தொடாதேங்கோ. வேறொன்றுமில்லை. அதைச் சொல்ல முயற்சிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கலியாணமான பத்தாம் நாள் அம்மாவிடம் சொல்லப் போனேன். அவர் புட்டுக்கு மா குழைத்தபடி, “என்னடி முகம்?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல நினைத்து, பொறுமையில்லாமல் இருந்தேன் சுவாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரிடமே ஒருநாள் வாயைத் திறந்தேன். “என்ன மாகிரட், தலையிடியே?” என்று எழும்பிப் போய் அவரே மல்லித் தண்ணீர் வைத்துக்கொண்டு வந்தார். அதைக் குடித்த பிறகு எப்படிச் சொல்வது? கிளாஸின் விளிம்பில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுக் குடித்தேன்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் நாட்டை முடக்கினார்கள். அவர் ஓய்வு பெற்றிருந்தார். ஆனாலும் ஆள் குறைவென்று துறைமுகத்தில் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். படகில் கூட நிற்கும் றிக்சனுக்குக் கொரோனா என்று வந்தது. அன்று பின்னேரமே சுகாதாரப் பரிசோதகர் சிவரூபன் தம்பி வந்து எங்கள் படலையில் அறிவித்தல் ஒட்டினார். பதினான்கு நாள் தனிமைக் கட்டுப்பாடு. கிறிஸ்தோபர் தனி அறையில், நான் வீட்டுக்குள்.

சுலக்ஷனாவுக்கென்று கட்டிய பின்அறை சும்மா இருந்தது. குளியலறையும் சேர்ந்தது. மகள் வத்தளையில் வேலை செய்கிறாள். மாகாண எல்லை அடைத்திருந்ததால் வர ஏலாது. அவர் தன் சாரங்களையும் சின்ன றேடியோவையும் தூக்கிக்கொண்டு, பள்ளிப் பயணம் போகிற பிள்ளையைப் போல அந்த அறைக்குள் போனார்.

“உமக்கு மூச்சிளைப்பு இருக்கு. எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை, உமக்கு வரக்கூடாது,” என்றார். பிறகு அவருக்கே உரிய பகிடி. “கப்பல் கட்டுப்பாட்டில இருக்கு. கொடி ஒண்டு வேணுமே, டீச்சர்.”

அலுமாரியில் இருந்த மஞ்சள் துண்டு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை எடுத்துப் போய், பின்வளவில் நின்று அந்த அறையின் யன்னல் கம்பியில் வெளிப்பக்கமாகக் கட்டினேன். அவர் உள்ளே நின்று நெற்றியில் கை வைத்து சல்யூட் அடித்தார்.

“அது இறங்குமட்டும் நான் இந்த வாசல்படி தாண்டமாட்டன். சத்தியம்.”

அவர் சொன்னால் சொன்னதுதான். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன், கோதுமைக் கப்பல் ஒன்றின் கப்டன் மஞ்சள் கொடி பறக்கும்போதே தன்னைக் கரைக்குக் கொண்டுபோகச் சொல்லி இரண்டு விஸ்கிப் போத்தலை நீட்டினாராம். இவர் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கதையை எத்தனையோ கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறார். முப்பத்தாறு வருடம் துறைமுகத்தில் இருந்த மனிதருக்குக் கொடி என்றால் வேதவாக்கியம்.

அந்த அறைக் கதவில் பூட்டு இல்லை. கொண்டி கூட இல்லை. இதை நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கைத்தொலைபேசியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அதிகாரிகள் எடுத்தால் யாராவது பதில் சொல்ல வேண்டும். அவரும், “ஓம், நீர் கதையும், உமக்குத்தான் சிங்களமும் வரும்,” என்றார். சாப்பாட்டை அலுமினியத் தட்டில் போட்டு, கதவுக்கு வெளியே ஒரு கதிரையில் வைத்து, கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் குசினிக்குப் போய்விடுவேன். அவர் எடுப்பார். முடித்ததும் திரும்ப வைப்பார். அதை நான் கிடுக்கியால் தூக்கி, கொதிதண்ணீரில் போட்டு, டெற்றோல் ஊற்றிக் கழுவுவேன். அந்த நாட்களில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அரசாங்கமே சொன்னது. என் வாழ்க்கையில் முதல்முறையாக, நான் செய்ய விரும்பிய எல்லாவற்றையும் செய்யச் சொல்லி ஒரு சட்டம் வந்திருந்தது.

இரண்டாம் நாள் கட்டிலில் கஞ்சி போட்டு அயன் செய்த விரிப்பை விரித்து, நடுவில் படுத்தேன். தலைமாட்டில் கிளாஸ் இல்லை. வீட்டில் சவர்க்கார மணம் மட்டும் இருந்தது. பிடரி காய்ந்திருந்தது. பிள்ளை, உங்களுக்கு இது விளங்குமோ தெரியாது. நான் அன்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

அவரும் நன்றாகத்தான் இருந்தார். காய்ச்சல், இருமல் ஒன்றும் இல்லை. கதவுக்குப் பின்னால் இருந்து கதை கேட்கும்.

“மாகிரட், இப்ப ஊதினது சீமெந்துக் கப்பல். சத்தத்தைப் பாரும், கிழவன் இருமுற மாதிரி.”

“ம்.”

“இண்டைக்குச் சாப்பாடு திறம். நீர் பக்கத்தில இருந்தாத்தான் உப்புக் கூடுறது போல.”

“ஓம், நீங்கள் கதை குடுத்தா நான் ரெண்டு தரம் போட்டிடுறன்.”

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கதவு நடுவில் இருந்தால் நாங்கள் நல்ல தம்பதிகள்.

ஒன்பதாம் நாள், கட்டிலுக்குக் கீழே இருந்த பழைய மின்விசிறியின் இரும்புக் காலில் இடித்து அவருடைய வலது கால் பெருவிரல் பிளந்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. நான் டெற்றோலும் பஞ்சும் கட்டுத்துணியும் தட்டில் வைத்துக் கொடுத்தேன். கிளினிக் மருந்து அந்த நாட்களில் தபாலில் வந்தது. ஒரு நாளும் தவறாமல் மாத்திரை கொடுத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் நாள் வந்து இரண்டாம் தரம் மாதிரி எடுத்துப் போன சிவரூபன் தம்பி, பதினான்காம் நாள் காலை தொலைபேசி எடுத்தார். “அம்மா, ஐயாவுக்கு நெகட்டிவ். எல்லாம் முடிஞ்சுது. படலையில இருக்கிற பேப்பரைக் கிழிச்சுப் போடுங்கோ. ஐயாவை வெயிலில கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கோ, அடைஞ்சு கிடந்த மனுசன்.” நன்றி தம்பி என்றேன். போய் அறிவித்தலைக் கிழித்தேன். தண்ணீர் தெளித்து, பசை இருந்த இடத்தைச் சுரண்டித் துடைத்தேன். பிறகு பின்வளவுக்குப் போனேன். மஞ்சள் துணி வெயிலில் லேசாக வெளிறியிருந்தது. அதன் முடிச்சில் கை வைத்தேன். உள்ளே அவர் தொண்டையைக் காறினார்.

கையை எடுத்துக்கொண்டேன்.

கதவடியில் வந்து நின்று, “இன்னும் பதினாலு நாளாம். ரெண்டாவது பரிசோதனை தெளிவில்லையாம்,” என்றேன்.

“அப்பிடியே? சரி. நல்லவேளை, நான் அவசரப்பட்டு வெளியில வரேல்ல. உமக்குத் தொத்தியிருக்கும்,” என்றார்.

அன்று அவருக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தேன். மனச்சாட்சி இல்லாதவள் செய்கிற வேலையா அது?

துறைமுகத்துக்கு நானே தொலைபேசி எடுத்து, காலில் காயம், இனி வேலைக்கு வரமாட்டார் என்றேன். அயலவர்கள் கேட்டால், சர்க்கரை கூடி ஓய்வாக இருக்கிறார் என்றேன். அந்த மாதங்களில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுலக்ஷனா எடுப்பாள். கைத்தொலைபேசியை ஒரு தடியில் கட்டிக் கதவு இடுக்கில் நீட்டுவேன். “நான் நல்லா இருக்கிறன் மகள், அம்மா ராசா மாதிரிப் பாக்கிறா,” என்பார். அவளை யோசிக்க வைக்கக்கூடாது என்று காலைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. கட்டுப்பாட்டுக் கதையும் வேண்டாம், பிள்ளை பயப்படும் என்று நான் சொல்லியிருந்தேன். அதற்கும் தலையாட்டினார்.

பதினெட்டாம் நாள் போல, “மாகிரட், விரல் கொஞ்சம் கறுக்குது. டொக்டருக்குக் காட்டினால் நல்லம் போல,” என்றார்.

“காட்டலாம். ஆனா இந்த நிலைமையில கொண்டுபோனா உங்களைக் கொரோனா வாட்டிலதான் போடுவினம். ஏதும் நடந்தால் அடைச்ச பெட்டி. முகமும் காட்டமாட்டினம். எங்கட சேமக்காலையில வைக்க விடாயினம். தூர இடத்தில கொண்டுபோய்த் தாட்டுப்போடுவினம்.”

அவருக்கு அந்தப் பயம் இருந்தது. அந்த வருடம் எல்லாருக்கும் இருந்தது. கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஸெய்னுதீன் தன் தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதை எங்கள் படலையில் நின்றுதான் சொல்லி அழுதார். அது முடக்கத்துக்கு முந்தி. இவரும் கூட நின்று அழுதார்.

“அப்ப வேண்டாம். கொடி இறங்கட்டும்,” என்றார்.

இருபத்தெட்டாம் நாள் வந்தது. மூன்றாவது பரிசோதனை என்றேன். என்ன பரிசோதனை, யார் வந்து எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. இதை நான் பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் மத்தியானம், நான் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது கூப்பிட்டார்.

“போகாதேயும். ஒரு கதை.”

நின்றேன். அவர் கதவோடு சாய்ந்து நிலத்தில் இருந்திருக்க வேண்டும். குரல் கீழே இருந்து வந்தது.

“நான் பக்கத்தில வாறது உமக்குப் பிடிக்கிறேல்ல எண்டு எனக்குத் தெரியும்.”

நான் கரண்டியைத் தட்டின் பக்கத்தில் வைத்தேன்.

“பிடரியைத் துடைக்கிறதைக் கண்டிருக்கிறன். குசினி யன்னல் கண்ணாடியில தெரியும். ஒவ்வொரு நாளும் நினைப்பன், இண்டைக்குக் குடுக்கக்கூடாதெண்டு. பிறகு உம்மட முதுகைக் கண்டால் மறந்துபோவன். பிழைதான்.” இருமினார். “நீர் ஒருக்கா சொல்லியிருந்தா, நான் விறாந்தையில படுத்திருப்பன். கோவிச்சிருக்க மாட்டன். நீர் சொல்லேல்ல. நானும் கேக்கேல்ல. ரெண்டு மடையர் சேந்து முப்பத்தொரு வருசம்.”

அவர் சிரித்தார். இதுவும் பகிடியாகத்தான் சொன்னார்.

நான் அப்போது அந்தத் துணியை அவிழ்த்திருக்கலாம். பின்வளவுக்குப் போக இருபது அடி. நீங்கள் கேட்கப் போவது அதுதான், எனக்குத் தெரியும். நான் நினைத்தது இது: அவர் வெளியே வந்தால், நன்றி சொல்வார். நன்றி சொல்லும்போது கையைப் பிடிப்பார்.

“சாப்பாடு ஆறுது,” என்றேன்.

அதற்குப் பிறகு மணம் தொடங்கியது. முதலில், மழைக்காலத்தில் தோய்க்காமல் விட்ட துணியின் மணம். பிறகு அது இனித்தது. இனிப்பான அழுகல் மணம்தான் மோசமானது. அது தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கதவின் கீழ் இடைவெளியில் ஈரத்துணி அடைத்தேன். காலையும் மாலையும் சாம்பிராணி போட்டேன். நீல நிற ஈக்கள் யன்னலில் மொய்த்தன. மஞ்சள் துணியில் அவை கூட்டமாக இருந்தன. நான் முகத்துக்கு இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு சாப்பாடு வைத்தேன். கட்டுத்துணி கேட்டார், கொடுத்தேன். பழையதை ஒரு பையில் போட்டு வெளியே வைத்தார். அந்தப் பையைக் கிடுக்கியால் தூக்கிக்கொண்டு போகும்போது, கனம் இருந்தது. திறந்து பார்க்கவில்லை. எரித்தேன். எரித்துவிட்டு இரண்டு தரம் முழுகினேன். அன்று எனக்குச் சாப்பிட முடியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. எப்போதும் போல, தன் உடம்பைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

நாற்பதாம் நாள் ஸெய்னுதீன் படலையில் நின்றார்.

“டீச்சர், என்ன மணம்? நான் வித்த மீன் இல்லையே?”

“கூரைக்குள்ள எலி செத்துப்போச்சு.”

“எலி எண்டா மூணு நாள். இது யானை போல.” சிரித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். “அண்ணன் எங்க? குரலே கேக்கல்ல. அவர் இல்லாம மீன் விலை பேச எனக்கு ருசியே இல்ல.”

“படுத்திருக்கிறார்.”

“நான் தேடினதாச் சொல்லுங்க.”

சொல்லவில்லை.

நாற்பத்தாறாம் நாள் பின்னேரம் நான் விறாந்தையில் இருந்து தலையணை உறைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து அவருடைய குரல் வந்தது. நோயாளியின் குரல் இல்லை. படகு வானொலியில் பேசுகிற குரல், நிறுத்தி நிறுத்தி, தெளிவாக.

“துறைமுகக் கட்டுப்பாடு, துறைமுகக் கட்டுப்பாடு. நான் கிறிஸ்தோபர். நான் சுகமா இருக்கிறன். உள்ள வர விடுங்கோ. ஓவர்.”

பிறகு காத்திருந்தார். வானொலியில் அப்படித்தான். மற்றப் பக்கம் பதில் சொல்ல இடம் விட வேண்டும்.

மூன்று தரம் கூப்பிட்டார். ஒவ்வொரு தரமும் அதே வசனம், அதே இடைவெளி. மூன்றாம் தரம், கடைசியில், “மாகிரட்” என்றும் சேர்த்தார்.

விளிம்பில் இன்னும் ஒரு சாண் இருந்தது. தைத்து முடித்தேன்.

அடுத்த நாள் காலைத் தட்டு எடுக்கப்படாமல் கதிரையில் இருந்தது. மத்தியானத் தட்டை அதன் பக்கத்தில் வைத்தேன். இரவுத் தட்டையும் வைத்தேன். எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் சாப்பாடு வைக்காமல் விடுவது சரியில்லை என்று பட்டது. அடுத்த நாளும் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் ஸெய்னுதீன் திரும்ப வந்தார். இந்தமுறை சிரிக்கவில்லை.

“அண்ணனைப் பாக்காம நான் போகமாட்டன், டீச்சர்.”

“ஏலாது. கட்டுப்பாடு.”

“என்ன கட்டுப்பாடு? உங்கட பேப்பர் எப்பவோ கிழிச்சாச்சு. எனக்கு ஊசியும் போட்டாச்சு. தள்ளுங்க.”

அவர் என்னைத் தாண்டிப் போனார். தட்டுகள் இருந்த கதிரையை நகர்த்தினார். கதவை ஒரு விரலால் தள்ளினார். அது திறந்தது.

ஸெய்னுதீன் ஓடி வந்து வளவில் சத்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த மணத்துக்கும் ஈக்களுக்கும் நடுவில் நிலத்தில் இருந்து, தன் தோளில் கிடந்த துவாயால் கிறிஸ்தோபருடைய முகத்தை மூடினார். மூடிவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் வரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். எப்படி முடிந்ததோ தெரியாது.

சுவரில், கட்டிலுக்கு மேலே, பென்சிலால் நாற்பத்தாறு கோடு போட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காற்று எந்தப் பக்கம், எந்தக் கப்பல் ஊதியது என்று. பதினான்காம் கோட்டுக்குப் பக்கத்தில், “மா. முகம் தெளிவு. நல்லா நித்திரை கொள்ளுறா போல” என்று எழுதியிருந்ததாக நீங்கள்தான் வாசித்துச் சொன்னீர்கள். யன்னலால் என்னைப் பார்த்திருக்கிறார். துணியின் முடிச்சில் நான் கை வைத்து எடுத்ததையும் பார்த்திருப்பார்.

நேற்று சுலக்ஷனா இங்கே வந்து கம்பிக்கு அப்பால் நின்றாள். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அம்மா, அப்பா உங்களை ஒருநாளாவது கதவைத் திறக்கச் சொன்னவரே?”

“ஒருக்கா,” என்றேன். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

காலில் தொடங்கி இரத்தம் முழுக்க நஞ்சாகியது என்று டொக்டர் எழுதியிருக்கிறாராம். சர்க்கரை வியாதிக்காரருக்கு நடப்பதுதான். நான் அவரை அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஒரு துணியை அவிழ்க்காமல் விட்டேன். எனக்கு நிம்மதியாக நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காக அவரைச் சாக விட்டேன். சட்டத்தில் அதற்கு என்ன பெயரோ, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் இதையும் எழுதுங்கள்: எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஒன்றை ஒரு மனைவி வாயால் கேட்க முடியாது. கேட்டிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

இவ்வளவும் எழுதிப் பேனையைக் கொஞ்சம் கீழே வைத்தேன். பிள்ளை, நீங்கள் எழும்பி வந்து என் தோளில் கை வைத்தீர்கள். இரக்கத்தில்தான் வைத்தீர்கள். உள்ளங்கை சூடாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது. என் பிடரி கூசியது. நான் சிரிக்கப் பார்த்தேன். பழக்கம். சிரிப்பு வரவில்லை. அப்போது அந்த வசனம் தானாக வாயில் வந்தது.

“பிள்ளை, கையை எடுங்கோ. என்னைத் தொடாதேங்கோ.”

நீங்கள் உடனே எடுத்துவிட்டீர்கள்.